யன்னல் இல்லாத நடு அறைக்கு வெளிச்சம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு நடு அறைக்கு யன்னலே இல்லை. பட்டப்பகலிலும் லைற் போடவேண்டும். கண்ணாடி ஓடு வைத்தால் வெளிச்சத்தோடு வெக்கையும் சேர்ந்து இறங்கும் என்று, குழாய் ஸ்கைலைற் போட்டோம். கூரைக்கு மேலே தெளிந்த குமிழ் மூடி, உள்ளே கண்ணாடி போல மினுங்கும் அலுமினியக் குழாய், சீலிங்கில் வெளிச்சத்தைப் பரப்பும் தட்டு. அவ்வளவுதான் சாமான். குழாயின் விட்டம் 10 அங்குலம், 14 அங்குலம் என்று வருகிறது, எங்களுடையது 14. குழாய் நீண்டாலும் வளைந்தாலும் வெளிச்சம் குறையும். அதனால் கூரை மரங்களுக்கு இடையில் நேரே இறங்கும் இடமாகப் பார்த்து வெட்டச் சொன்னேன்.

மெனக்கெட்டது ஒழுக்கு வராமல் அடைக்கத்தான். இங்கே மார்கழி மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும். மூடியின் அடித்தகட்டை மேல்வரிசை ஓட்டுக்குக் கீழேயும் கீழ்வரிசை ஓட்டுக்கு மேலேயும் வரும்படி செருகி, ஓரமெல்லாம் சிலிக்கன் பூசினோம். கடற்காற்றுக்குச் சாதாரண ஆணி துருவேறிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிதான் சரி.

வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரும் சேர்த்துப் போட்டோம். அது எதற்கு, வெளிச்சத்துக்குத்தானே இவ்வளவு பாடு என்று வீட்டில் ஒரே கேள்வி. சுவரில் சுவிட்சைத் தட்டினால் குழாய்க்குள் இருக்கும் தகடு திரும்பி வெளிச்சத்தை மறிக்கும். அம்மா மத்தியானம் கண்ணயர்வது அந்த அறையில்தான், ஆகவே அந்தக் காசு வீணில்லை. இரவுக்குப் பழைய பல்ப் அப்படியே இருக்கிறது.