பெர்லின் அருங்காட்சியகத் தீவு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்பிரே ஆற்றின் நடுவே இருக்கும் தீவின் வடமுனையில் ஐந்து அருங்காட்சியகங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1830இல் திறந்த ஆல்டஸ் மியூசியம் மூத்தது. 1930இல் திறந்த பெர்கமோன் கடைக்குட்டி. ஐந்தையும் ஒரே நாளில் பார்த்துவிடும் ஆசை வேண்டாம். நான் அப்படிப் போய், நான்காவது கட்டடத்தில் சிலைகளை விட்டுவிட்டு உட்கார பெஞ்சு தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு போதும்.

படி 1: திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலும் விடுமுறை. ஐந்தில் ஒன்றான நோயஸ் மியூசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பெர்கமோன் சீரமைப்புக்காக 2023 அக்டோபரில் மூடப்பட்டது. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன் இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள்.

படி 2: யூ5 மெட்ரோவில் வந்து, தீவின் பெயரையே தாங்கிய ‘மியூசியம்ஸின்செல்’ (Museumsinsel) நிலையத்தில் இறங்குங்கள். உடனே மேலே ஓடாமல் அண்ணாந்து பாருங்கள். தண்டவாளத்துக்கு மேல் கருநீல வளைவுக்கூரை, அதில் விண்மீன்களாக ஆயிரக்கணக்கான விளக்குகள். ஆல்டஸ் மியூசியத்தைக் கட்டிய ஷிங்கெல், மோட்ஸார்ட்டின் இசைநாடகம் ஒன்றுக்கு வரைந்த மேடைக்காட்சியிலிருந்து பிறந்த கூரை இது.

படி 3: பெரிய பையையும் குடையையும் பாதுகாப்பறையில் கொடுத்துவிடுங்கள்.

படி 4: நோயஸ் மியூசியத்தில் நுழைந்ததும் நேராக மாடியேறி எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலையிடம் போங்கள், கூட்டம் சேருமுன் போவது நல்லது. அந்த அறையில் படம் எடுக்க அனுமதியில்லை, அதுவும் நல்லதற்குத்தான். கிட்டே நின்று பார்த்தால் வலக்கண்ணில் கருமணி மின்னும். இடக்கண் வெறும் வெள்ளையாக இருக்கும்.

பிறகு கீழிறங்கும்போது பொருள்களை விட்டுச் சுவரைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுபட்டுப் பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்த கட்டடம் இது. 2009இல் மீண்டும் திறந்தபோது காயங்களைப் பூசி மறைக்கவில்லை. பாதி அழிந்த சுவரோவியத்தின் பக்கத்திலேயே வெறும் செங்கல் தெரியும். வெளியே தூண்வரிசையிலும் துப்பாக்கிக்குண்டுத் தழும்புகள் உண்டு. விரல் வைத்தால் உள்ளே இறங்கும்.

படி 5: ஓவியம் பிடிக்குமென்றால் ஆல்டே நேஷனல்கேலரி, சிற்பமும் நாணயமும் என்றால் போடே. என் ஓட்டு முதலாவதுக்கு: காஸ்பர் டேவிட் ஃபிரெடரிக்கின் ஒரு ஓவியத்தில் வானமும் கடலும் விரிந்து கிடக்க, கரையில் எறும்பளவு ஒரு துறவி.

படி 6: கால் கெஞ்சும்போது ஆல்டஸ் மியூசியத்தின் முன்னுள்ள புல்வெளியில் உட்காருங்கள். எதிரே ஏறக்குறைய 7 மீட்டர் அகலத்தில் ஒரு கருங்கல் தொட்டி. உள்ளே வட்டமண்டபத்தில் வைக்க எண்ணியது. அளவு பெருத்துவிட்டதால் வாசலோடு நின்றுவிட்டது.