காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா, எங்கே சுடுவது?

"அண்ணே, எஸ்ஜி போதுமா, ஸ்லக் வேணுமா?" மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகத் துப்பாக்கி எடுக்கும் தம்பிகள் முதலில் கேட்பது இதைத்தான். எஸ்ஜி என்றால் பல பெரிய குண்டுகள் அடைத்த தோட்டா; ஸ்லக் என்றால் ஒரே பெரிய குண்டு. கடைக்காரர் சொல்லி முடிவாகும் விஷயமல்ல இது. உங்கள் குழல்தான் பதில் சொல்ல வேண்டும்.

போலீஸ் லைசென்ஸ், பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதி மூன்றும் கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். உரிமத்தில் பன்றி என்றிருந்தால் பன்றி மட்டும்தான். ருசா, கிஜாங் போன்ற மான்கள் வந்தால் குழலைத் தாழ்த்திவிடுங்கள்.

1. குழலில் பொறித்திருக்கும் தோட்டா அறையின் நீளத்தைப் பாருங்கள். பழைய இரட்டைக்குழலில் 65 என்றிருந்தால் 70 மி.மீ. தோட்டா வேண்டவே வேண்டாம். உள்ளே நுழையும், சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

2. பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்கு நான் சொல்வது 9 குண்டு உள்ள எஸ்ஜி தோட்டா. ஒவ்வொரு குண்டும் 8.4 மி.மீ. வரும். ஸ்லக் நெடுந்தூரம் போகும்; தொழிலாளர்களின் லயன் வீடுகளும் குலை வெட்டுகிறவர்களும் இருக்கும் தோட்டத்தில் எனக்கு அதில் விருப்பமில்லை. பறவைக்கான பொடிக்குண்டு பன்றியைக் காயப்படுத்தி ஓடவிடும், அவ்வளவுதான்.

3. சுடுதளத்தில் பெரிய தாளில் 25 செ.மீ. வட்டம் போட்டு 20, 25, 30 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். எல்லாக் குண்டும் வட்டத்துக்குள் விழும் தூரமே உங்கள் எல்லை. பிராண்ட் மாறினால் எல்லையும் மாறும், மறுபடி சுடுங்கள். செம்பனையில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். எல்லை 25 என்றால் இரண்டு மர இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது 27 ஆகிவிடும்.

4. பலருக்கும் தவறுவது இந்த இடத்தில்தான். பன்றியின் திமிலும் பிடரிமயிரும் உடம்பை உயரமாகக் காட்டும். கண் தானாக நடு உடம்புக்கு மேலே போகும். முதுகெலும்புக்கு மேலே சதையில் பட்ட பன்றி பொத்தென்று விழும், எழுந்து ஓடியும் விடும். இதயம் இருப்பது கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே. பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்பக்கத்தைப் பிடித்து மேலே வாருங்கள். அடிவயிற்றிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள். குறி அங்கேதான். கிழட்டு ஆணுக்குத் தோள்மேல் தடித்த கவசம் உண்டு. உங்களைப் பார்த்த பக்கத்து முன்னங்காலை முன்னே எடுத்து வைக்கும்வரை பொறுங்கள். சாய்வாக விலகிப் போனால் எதிர்ப்பக்க முன்னங்காலை நினைத்துச் சுடுங்கள். நேருக்கு நேர் நின்றால் சுடாதீர்கள். தலையும் வேண்டாம்; மண்ணைக் கிளறும் பன்றியின் தலை ஒரு நொடிகூட நிற்காது.

பன்றிக்குப் பின்னால் மண்மேடு தெரிய வேண்டும். வெறும் வானம் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

5. சுட்டதும் துரத்தாதீர்கள். அரைமணி நேரம் போகட்டும். இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு ஈரல். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் குடல். இன்னும் சில மணி நேரம் விட்டு, துணையோடு போங்கள். விழுந்து கிடப்பதை முதுகுப் பக்கமாகவே நெருங்குங்கள்.

பின்சேர்க்கை: பன்றிக் காய்ச்சல் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 2021 முதல் நம் நாட்டில் இருக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் பூட்ஸிலும் கத்தியிலும் ஏறிப் பண்ணைக்குப் போகும். இரண்டையும் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்கள். தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். இறைச்சியை உள்ளே சிவப்பு துளியும் இல்லாமல் வேகவையுங்கள்; காட்டுப்பன்றியில் புழு இருக்கலாம்.