பழைய ஆர்எக்ஸ்-7 காருக்குப் பெரிய புகைக்குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டா 1993 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற ஆர்எக்ஸ்-7 கார்களில் இரண்டு டர்போக்களை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவிகள்) அடுத்து ஒரு சிறிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்), அதன்பின் பெரிய கன்வெர்ட்டர், கடைசியில் கனத்த சைலன்சர் என்று வரிசையாக மூன்று தடைகள் இருக்கும். வாங்கியவர் முதலில் கைவைக்க நினைப்பது இங்கேதான். தடையை நீக்கினால் வேகம் கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தடைகளையும் கணக்கில் வைத்துத்தான் தொழிற்சாலையில் பூஸ்ட் அழுத்தத்தையும் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) பெட்ரோல் அளவையும் தீர்மானித்தார்கள். குழாயை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவதுதான் முதல் தவறு. நல்ல நிலையில் இருந்த எஞ்சின்கள் பல இதனால்தான் போயின.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வரும் புகை. பூஸ்ட் போதுமான அளவை எட்டியதும் வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு திறந்து, மிகுதிப் புகையைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே அனுப்பும். பின்னால் தடை இருக்கும்வரை அந்தச் சிறு துளை போதும். தடை போனதும் டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு கூடுகிறது, சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. கதவு முழுக்கத் திறந்தும் துளையின் அகலம் போதவில்லை. எஞ்சின் வேகம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போகும். தொழிற்சாலை வைத்த அளவு சுமார் 0.7 பார். பெரிய கன்வெர்ட்டரையும் கழற்றிய வண்டிகளில் அது ஒரு பாரையும் தாண்டுவதுண்டு.

இதை, வேஸ்ட்கேட் எப்போது திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பூஸ்ட் கன்ட்ரோலரைக் குறைத்து வைத்துச் சரிசெய்யலாம் என்று நம்புவது அடுத்த தவறு. ஏற்கெனவே முழுக்கத் திறந்துவிட்ட கதவை எந்தக் கருவி இன்னும் திறக்கும்? டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், அல்லது பெரிய கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்ட வேண்டும். டர்போவைக் கழற்றுவது நாள் கணக்கில் இழுக்கும் வேலை என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். குழாய் வாங்கும் முன்பே அந்த வேலைக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள்.

பூஸ்ட் எல்லை மீறினால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். வண்டி முகத்தில் அறைந்தாற்போலக் குலுங்கும். அந்தக் குலுக்கலை நிறுத்த ஒரு சிறு மின்கருவி கிடைக்கிறது. அது ஈசியூவுக்கு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இதைவிட ஆபத்தான பொருளை இந்தக் காரில் மாட்ட முடியாது என்பேன். இந்த ஈசியூ காற்றை நேராக அளப்பதில்லை. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறது. புகை எளிதாக வெளியேறும்போது, அதே அழுத்தத்திலும் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே வரும். அதற்கேற்ற பெட்ரோல் போகாது. ஆக்சிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்பதும் வீண் நம்பிக்கை. அது மெதுவாக ஓட்டும்போதுதான் திருத்தும், மிதியை முழுக்க அழுத்தும்போது அதன் பேச்சை ஈசியூ கேட்பதில்லை.

பெட்ரோல் குறைந்து நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் பிஸ்டன் எஞ்சின் சில நேரம் தாங்கும். இந்தக் காரில் இருப்பதோ பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின், அது ஒரே அடியில் வீழ்ந்துவிடலாம். முக்கோண ரோட்டரின் மூலைகளில் வாயு கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அது உடைந்து சில்லாக வெளியே பறந்தால் டர்பைன் இதழ்களையும் சிதைக்கும். ஒரு சீலுக்காக எஞ்சினையும் டர்போவையும் சேர்த்து இழப்பதைக் காண மனம் பொறுப்பதில்லை.

வண்டிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்பதை மறப்பவர்களும் உண்டு. இரண்டு டர்போக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்வது டஜன் கணக்கான மெல்லிய வெற்றிடக் குழாய்கள். வெப்பத்தில் வெந்து, விரலால் வளைத்தால் மளுக்கென்று ஒடியும் அவற்றோடு புதிய புகைக்குழாயை மாட்டினால், வரும் கோளாறு எதனால் என்றே தெரியாது. எஞ்சின் கம்ப்ரஷனை (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை) முதலில் சோதியுங்கள். சாதாரண அளவி ரோட்டரின் மூன்று முகங்களில் மிக உயர்ந்ததை மட்டுமே காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும்.

மாட்டும் வேலையில் சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது. துருப்பிடித்த ஸ்டட் போல்ட்டை முதல் நாளே எண்ணெயில் ஊறவிடாமல் முறுக்கி ஒடிப்பது. இடையூறாக இருக்கிறதென்று வெப்பத் தகட்டைத் தூக்கிப் போடுவது. ரோட்டரியின் புகை பிஸ்டன் எஞ்சினுடையதைவிடச் சூடானது, அந்தத் தகடு இல்லாவிட்டால் காரின் தரையும் அருகிலுள்ள வயர்களும் வெந்துபோகும். மூன்று அங்குலத்துக்கு மேல் குழாய் போட்டால் தொழிற்சாலை டர்போக்களுக்குப் பெரிய பயன் இல்லை, தரையில் உரசுவதுதான் மிச்சம்.

கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்டச் சிக்கலும்கூட. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் அதைத் தடுக்கிறது, ஜப்பானில் அது இல்லாமல் வாகனத் தகுதிச் சோதனையில் தேற முடியாது. பெரிய கன்வெர்ட்டர் இருக்கட்டும், அல்லது தடை குறைந்த புதிய கன்வெர்ட்டர் போடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, பூஸ்டையும் அது கட்டுக்குள் வைக்கும்.

பூஸ்ட் அளவியும், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரும் முதலில் வரட்டும். பிறகு வேஸ்ட்கேட், ஈசியூ டியூனிங், கடைசியாகக் குழாய். முதல் ஓட்டத்தில் மிதியைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள், முள் 0.8 பாரைத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கோடையில் ஒழுங்காக நின்ற முள் பனிக்காலத்தில் எல்லை மீறும். எனவே முதல் குளிர்ந்த காலையில் இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.