முதன்முறையாக வீட்டில் பன் சுடுகிறவர்களுக்கு

கேக் சுடப் பழகியவர்கள்கூட ஈஸ்ட் என்றால் கொஞ்சம் தயங்குகிறார்கள். கலந்து, ஊற்றி, அடுப்பில் வைத்தால் கேக் முடிந்துவிடும். பன்னுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும். அதில் நம் கை வேலை அரை மணி நேரம்தான், மீதி முழுக்கக் காத்திருப்பு. எனக்கு அந்தக் காத்திருப்புதான் இதில் ரொம்பப் பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம் மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு, வேதத்தை (பைபிளை) திறந்து உட்கார்ந்தால் அவசரம் தானாகக் குறைந்துவிடும்.

தேவையானவை (12 பன்களுக்கு)

மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம் (சுமார் 2 தேக்கரண்டி), சர்க்கரை 50 கிராம், உப்பு 8 கிராம், காய்ச்சி ஆறவைத்த பால் 300 மில்லி, உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம். மேலே தடவ இரண்டு கரண்டி பால் தனியாக.

முடிந்தால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். டம்ளரில் அளந்தால் மாவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவாக வரும்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 12 பன் அதிகமாயிற்றே என்று தோன்றலாம். பாதி அளவில் செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. மத்தேயு 13-ல் இயேசு, ஒரு பெண் மாவுக்குள் அடக்கி வைத்த புளித்தமாவு முழுவதையும் புளிக்கவைப்பதைப் பரலோக ராஜ்யத்துக்கு ஒப்பிட்டு ஒரு உவமை சொன்னார். அதில் அந்தப் பெண் எடுப்பது மூன்றுபடி மாவு. அந்தக் காலத்து அளவை எப்படிக் கணக்குப் போட்டாலும் அது 20 லிட்டருக்குக் குறையாது. ஒரு குடும்பம் ஒரு நாளில் சாப்பிட்டு முடிக்கிற அளவா அது? ஆதியாகமம் 18-லும் மூன்று விருந்தாளிகள் வந்ததும் ஆபிரகாம் தன் மனைவி சாராளிடம் பிசையச் சொன்னது அதே மூன்றுபடிதான். வேதத்தில் ரொட்டி பெரும்பாலும் பகிர்ந்து உண்ணும் உணவாகத்தான் வருகிறது. ஆகவே அடுத்த வீட்டுக்கும் சேர்த்தே பிசையுங்கள்.

1. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

பால் கையில் விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. 55–60 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டி, புளித்த வாசனை வந்தால் சரி. இன்ஸ்டன்ட் ஈஸ்டுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் பாக்கெட்டைத் திறந்து நாளாகிவிட்டதென்றால் செய்துவிடுவது நல்லது. நுரையே வராவிட்டால் அந்த ஈஸ்டை வைத்துத் தொடர வேண்டாம்.

2. பிசையுங்கள்

அகலமான பாத்திரத்தில் மைதா, உப்பு, மீதிச் சர்க்கரை மூன்றையும் கலந்து, ஈஸ்ட் பாலை ஊற்றிச் சேருங்கள். மாவு விரலெல்லாம் ஒட்டும். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் இன்னொரு கை மைதா தூவத் தோன்றும். தூவாதீர்கள், பன் கட்டியாகிவிடும். மூடி வைத்துப் பத்து நிமிடம் விட்டாலே மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு பாதி வழிக்கு வந்துவிடும்.

அப்புறம் மேடையில் போட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் மென்மையான வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வெண்ணெய் பட்டதும் மாவு வழுக்கித் துண்டு துண்டாகப் பிரியும். பயப்பட வேண்டாம், நான்கைந்து நிமிடத்தில் மறுபடி ஒன்றுசேரும். கடைசியில் கையிலும் மேடையிலும் ஒட்டாமல், காது மடலைப் போல மிருதுவாக இருக்கும். ஒரு சின்ன உருண்டையை எடுத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிய ஜவ்வாக விரிந்து, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தால் போதும். உடனே கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள்.

3. மூடி வைத்து விட்டுவிடுங்கள்

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். மழைக்காலத்திலோ மலைப்பகுதியிலோ ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்புவதைவிட மாவைப் பார்ப்பதே சரி: மாவு தடவிய விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதிதான் நிரம்ப வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. நீங்கள் பிசைந்து உண்டாக்கிய ஜவ்வு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதில் நாம் அவசரப்பட்டும் பயனில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பதால் பலனும் இல்லை. உவமையில் வருகிற பெண்ணும் அப்படித்தான், மாவுக்குள் அடக்கி வைக்கிறாள், அதற்கு மேல் அவள் செய்வது எதுவும் சொல்லப்படவில்லை. பிள்ளையின் வேலைக்காகவோ ஒருவருடைய மனமாற்றத்துக்காகவோ பல வருடமாக ஜெபித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த உவமை பெரிய ஆறுதல் என்று நான் நம்புகிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஏறக்குறைய 900 கிராம் மாவில் ஈஸ்ட் வெறும் 7 கிராம். கொஞ்சம் புளித்தமாவு பிசைந்த மாவு முழுவதையும் புளிக்கவைக்கும் என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது எச்சரிக்கையாக, பாவத்தைக் குறித்து. பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினருடைய புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். நல்லதோ கெட்டதோ, பரவுகிற விதம் ஒன்றுதான். வீட்டில் நாம் தினமும் பேசுகிற சின்னச் சின்ன வார்த்தைகளை நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு எகிப்தைவிட்டு அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரவேலருக்கு இந்த ஒரு மணி நேரமும் கிடைக்கவில்லை. புளிக்காத மாவைப் பாத்திரத்தோடு துணியில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். மாவு பொங்கும்வரை நிம்மதியாக வீட்டில் உட்கார முடிகிறதே, அதற்கே ஸ்தோத்திரம் சொல்லலாம்.

4. உருட்டி, மறுபடி பொங்க விடுங்கள்

மாவை லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, 12 சம பாகமாக எடையிட்டுப் பிரியுங்கள். ஓரங்களை அடிப்பக்கம் இழுத்து ஒட்டி, மேல்பக்கம் வழவழப்பாக வரும்படி உருட்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மூடி 35–45 நிமிடம் வையுங்கள். பன்கள் ஒன்றையொன்று தொடத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது.

5. சுடுங்கள்

ஓவனை 180 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். பன் மேல் பாலைத் தடவி, நடுத் தட்டில் 18 முதல் 22 நிமிடம். மேல்பக்கம் சீக்கிரம் கருகப் பார்த்தால் ஒரு அலுமினியத் தாளை மேலே போடுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். எடுத்தவுடன் கொஞ்சம் வெண்ணெய் தடவினால் மேல்தோல் மிருதுவாகும். தட்டிலேயே விட்டால் அடி ஈரமாகிவிடும், கம்பி வலைக்கு மாற்றி விடுங்கள். அரை மணி நேரம் ஆறிய பிறகு பிய்த்தால்தான் உள்ளே பிசுபிசுப்பில்லாமல் இருக்கும்.

6. கொடுத்ததுபோக மிச்சம்

ஆறு பன்னை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியைச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், புதிதாகக் குடிவந்த வீடு, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று யாருக்கும் கொடுக்கலாம். முதன்முறை சுட்டது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கொடுங்கள். கையால் சுட்ட ரொட்டியை வாங்கும்போது யாரும் வடிவத்தைப் பார்ப்பதில்லை.

இயேசு ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பகிர்ந்து கொடுத்து ஐயாயிரம் பேர் திருப்தியாகச் சாப்பிட்ட பிறகும், ஒன்றும் சேதமாகாதபடி துணிக்கைகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார் ஆண்டவர். ஆகவே மிச்சத்தை எறியாதீர்கள். வீட்டில் சேர்த்துச் சுட்டதில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை, இரண்டு நாளுக்கு மேல் வெளியே தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுவிடும், ஃபிரீசர்தான் நல்லது. எடுத்துத் தண்ணீர் தெளித்து, மூடிய தவாவில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் மறுபடி மிருதுவாகும். ரொம்பக் காய்ந்துபோனதை மிக்ஸியில் பொடித்து டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த முறை கட்லெட் செய்யும்போது கடையில் ரஸ்க் தூள் வாங்க வேண்டியதில்லை.