பரம்பரையாக வந்த வேட்டைத் துப்பாக்கியை அறிந்து ரசிப்பது எப்படி

தாத்தா வழியில் வந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் அருமை கண்ணைவிடக் கைக்கே முதலில் புலப்படும். ஆயினும் அதைத் தொட்டவுடன் குழல்களை மடக்கித் திறந்து, இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்று பார்த்தும் தடவியும் உறுதி செய்துகொள்ளுங்கள். உரிமமும் முறைப்படி உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பிறகு துப்பாக்கியை மூடி, குழல்கள் மடங்கும் கீலுக்கு அடியில் ஒரு கையின் விரல்களைக் கொடுத்து, மற்றொரு கையை அருகிலேயே வைத்துக்கொண்டு மெல்லத் தாங்கிப் பாருங்கள். நல்ல பட்டறையில் செய்தது பெரும்பாலும் அந்த இடத்தை ஒட்டியே சமநிலை கொள்ளும். ஏறத்தாழ 3 கிலோ எடையும் இரு கைகளுக்கு நடுவே திரண்டிருப்பதால்தான், தோளுக்கு உயர்த்தும்போது அது இலகுவாக எழுகிறது.

அடுத்து, தோளில் ஊன்றும் மரக்கட்டையின் பின்புறத்திலிருந்து குழல்களின் நீளவாக்கில் நோக்குங்கள். வலக்கைக்காரருக்குச் செய்த கட்டை சற்றே வலப்புறம் விலகியிருக்கும். கழுத்தைச் சாய்க்காமலே கண் குழல்களின் நடுக்கோட்டுக்கு வரட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் தோளுக்குக் கட்டை குட்டையாகத் தோன்றினால் குறையென்று எண்ண வேண்டாம், அது வேறொருவருக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்கலாம். வால்நட் மரத்தின் ரேகைகள் மணிக்கட்டுப் பிடியில் நேராக ஓடி, அகன்ற பின்பகுதியில் மட்டும் புகைபோலச் சுழல்வதைக் கவனியுங்கள்: பிடியில் வலிமை வேண்டும், அழகுக்கு இடம் பின்னால் இருக்கிறது என்று கணக்கிட்டே தேர்ந்த கைவினைஞர் பலகையை அறுத்திருப்பார்.

உலோகப் பகுதியில் திருகாணித் தலைகளின் கோடுகள் எல்லாம் நீளவாக்கில் ஒரே திசையில் நின்றால், அது பொறுமைசாலியின் வேலை. குழலில் அலையலையாக வரிகள் தெரிந்தால், இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலாக இருக்கக்கூடும். அவற்றில் பல, கரும்பொடி என்ற பழைய வகை வெடிமருந்தின் அழுத்தத்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. ஆகவே தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டாமல் எந்தத் தோட்டாவையும் இடாதீர்கள். குழல்களைக் கழற்றினால் அறைகளுக்கு அடியில் சோதனை முத்திரைகள் தென்படும். அங்குள்ள 12 என்ற எண், குழலின் உள்விட்டமுள்ள ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கு.

வெற்று அறையோடு விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி முறியலாம். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைப்பது போதும். குழல்களின் கருநீலம் தேய்ந்து வெள்ளியாய் மின்னும் இடத்தில் உங்கள் கையை வையுங்கள். தாத்தாவின் பிடி அங்கேதான் இருந்தது. அந்த இடத்துக்குப் புது மெருகு ஏற்ற வேண்டாம்.