ஆதியாகமமும் அறிவியலும்: பிள்ளைகள் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது பைபிளின் முதல் நூலான ஆதியாகமம். அதை வைத்து ஞாயிறு வகுப்பில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: "நாலாம் நாள்தான் சூரியன் என்றால், முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது?" மழுப்பாதீர்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள்: வெளிச்சம், வானமும் நீரும், நிலம். எதிரே அடுத்த மூன்று: சூரிய சந்திரர், பறவை, மீன், விலங்கு, மனிதன். இடம் முதலில், குடியிருப்பவர் பிறகு. இது காலக்கணக்கு இல்லை, ஒழுங்கின் சித்திரம் என்று எனக்குப் படுகிறது. (அந்த ஆறு நாளையும் நிஜமான நாளாகவே நம்புகிறவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.)

பூமியின் வயதா? சுமார் 454 கோடி ஆண்டு என்று நேராகச் சொல்லுங்கள். உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்பது 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் போட்ட கணக்கு. பைபிளில் அந்த எண் இல்லை.

அப்புறம், பெருவெடிப்பு (பிரபஞ்சம் எப்படித் தொடங்கி விரிந்தது என்று சொல்லும் அறிவியல் கோட்பாடு) என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்களிடம், அதற்கு அடிகோலிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.