பதவியை விடுங்கள், பணத்தைப் பின்தொடருங்கள்: அயர்லாந்தின் ஆயர்-அதிகாரி ஒருவரைத் தேடும் வழி

இடைக்கால அயர்லாந்தில் ஆயராகவும் இங்கிலாந்து அரசனின் அதிகாரியாகவும் இருந்த ஒருவரைத் தேடுகிறவர்கள் முதலில் ஆயர்கள் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியல் நாற்காலியைக் காட்டும்; உட்கார்ந்திருந்தவரைக் காட்டாது. கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்டீபன் டி ஃபுல்போர்னை எடுத்துக்கொள்வோம். புனித யோவான் சபைத் துறவி. 1274இல் வாட்டர்ஃபோர்டு ஆயர், அரசின் பொருளாளரும் அவரே. 1281இல் அரசனின் பிரதிநிதியான ஜஸ்டிசியர். அடுத்து கையாடல் புகார், 1285இல் தணிக்கை. ஆனாலும் 1286இல் டூவம் பேராயர் ஆகிவிட்டார்! இந்த ஏற்றத்தின் உள்கதை ஆயர் பட்டியலில் கிடைக்காது.

டப்ளின் ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் வெடித்து எரிந்தது. அதனால் லண்டனுக்குப் போன பிரதிகளைத் தேடுங்கள். டப்ளின் பொருளாளர்களை நம்பாமல், 1293 முதல் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டருக்கே வந்து கணக்குக் காட்டச் சொன்னார்கள். அந்த அவநம்பிக்கைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அயர்லாந்து பற்றிய அந்த ஆவணங்களுக்கு ஸ்வீட்மன் தொகுத்த 5 பாகச் சுருக்கங்கள் 1171 முதல் 1307 வரை போகின்றன. 2022இல் இணையத்தில் திறந்த அயர்லாந்து மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையும் பாருங்கள். ஆனால் சுருக்கம் சுருக்கம்தான். முக்கியமான வரியென்றால் மூலச் சுருளையே பாருங்கள்.

தேதியில் நிதானம் வேண்டும். "எட்வர்டின் 10ஆம் ஆண்டு, பிப்ரவரி" என்று இருந்தால் என்ன செய்வது? அரசன் முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு நவம்பர் 20இல் தொடங்குகிறது; 10ஆம் ஆண்டு 1281 நவம்பரில் பிறக்கிறது. ஆகவே அந்தப் பிப்ரவரி 1282. அதையே, மார்ச் 25இல் புத்தாண்டு கணக்கிட்ட எழுத்தர் 1281 என்று குறித்திருப்பார். அரசனின் நிதிக் கருவூலத்தின் கணக்காண்டோ செப்டம்பர் 29இல் தொடங்கும். மூன்றையும் ஒரே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தொகை "மார்க்" என்று வந்தால் மூன்றில் இரண்டு பவுண்டு. 100 மார்க் என்பது 66 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அங்கே அப்போது அப்படி ஒரு நாணயம் இருந்ததில்லை, கணக்கில் மட்டும்தான்.

பெயரின் வடிவம் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். உறவினரையும் சேர்த்தே தேடுங்கள். ஸ்டீபன் டூவம் போனதும் வாட்டர்ஃபோர்டு ஆயரானவர் அவருடைய சகோதரர் வால்டர்.